ஒரு ரவுண்டு போன பலராமன்

பலராமன் அண்ணனைப் பற்றிப் புதுச்சேரியில், சாரத்தில் எங்கள் தெருவில் யாரும் எதுவும் பேசியதில்லை. பேசும்படி அவர் எதுவும் செய்ததில்லை. அவர்கள் வீட்டு மாடியில் நான் பல வருடங்களாக வாடகைக்கு இருக்கிறேன். அவர் குரல் உயர்ந்து ஒருநாளும் கேட்டதில்லை. சேதராப்பட்டில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். காலையில் அவர் ஸ்கூட்டரை வெளியே தள்ளும் சத்தம் கேட்டதும் நான் குக்கரை அடுப்பில் ஏற்றுவேன். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

ஆள் நல்ல உயரம், ஆறடிக்கும் மேலே. அந்த உயரத்தால் அவருக்கு ஒரு பிரயோசனமும் இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் குனிவார், பஸ்ஸில் குனிவார், எதிரே நின்று பேசுகிறவருக்காகவும் குனிவார். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹேண்டில் பாரில் போய் இடிக்கும். "அப்பா, ஒட்டகம் சைக்கிள் ஓட்டுற மாதிரி இருக்குப்பா" என்று அவர் மகள் இனியா சிரிப்பாள். அவரும் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போவார்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்கரா மீன் வாங்கி வருகிறேன் என்று கூடையை மாட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி சத்யப்பிரியா அக்கா மசாலா அரைத்து வைத்துக் காத்திருந்தார். பதினொரு மணியாகியும் ஆளைக் காணோம். துணி காயப்போட நான் கீழே இறங்கி வந்தபோது அக்கா அவருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. எடுத்தது வேறு யாரோ.

"அலோ, யாரு?"

"நீங்க யாருங்க? இது எங்க வீட்டுக்காரரு ஃபோனு."

"ஆ, நீங்கதான் அவரு மதாமா? நல்லதாப் போச்சு. நான் தேவதாஸ் பேசறேன், கருவடிக்குப்பம். உங்க முசியே, வீட்டுக்காரரு எங்கம்மா? என் வண்டிய எடுத்துக்கினு போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"எந்த வண்டி?"

"என் மோட்டார் பைக்கு. விலைக்குக் கேட்டு வந்தாரு. ஓட்டிப் பாக்கறேன்னாரு."

"ராங் நம்பருங்க" என்று சொல்லி அக்கா ஃபோனை வைத்துவிட்டார். பிறகு கையிலிருந்த ஃபோனையே பார்த்தார். அந்த எண்ணை அழைத்தது அவர்தான். அது அவருக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. உறைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாரதி, யாரோ அவரு ஃபோனத் திருடிட்டு என்னென்னமோ ஒளறுறான். வா, போலாம்."

என் வண்டியில்தான் போனோம். கருவடிக்குப்பத்தில் தேவதாஸ் வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். "சொல்தா வீடு" என்றதும் கடைக்காரர் கை காட்டினார். கேட்டுக்குள் அண்ணனுடைய ஸ்கூட்டர் நின்றது. கொக்கியில் மீன் கூடை காலியாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் அக்கா அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அதுவரை எல்லாம் பொய் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

தேவதாஸ் அறுபதைத் தாண்டிய, குள்ளமான, சுறுசுறுப்பான மனிதர். பதற்றத்தில் அவர் வாயில் தமிழும் பிரெஞ்சும் கலந்து வந்தன. பாரிசில் இருக்கும் மகளிடம் போய்விடப் போவதால் வண்டியை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறார். காலையில் அண்ணன் வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதிகம் பேசவில்லை.

"உட்காந்து பாருங்கன்னேன் மதாம். உட்காந்தாரு. ரெண்டு பாதமும் முழுசா தரையில பதிஞ்சிது. இந்த வண்டி மேல உட்காந்து அப்படி ஊணுன ஆளை நான் பாத்ததே இல்ல. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு உட்காந்திருந்தாரு. நான்தான் சொன்னேன், பொம்மையார்பாளையம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கன்னு. ஃபோனை அடையாளத்துக்குக் கொடுத்துட்டுப் போனாரு. கியர் போட்டு எடுத்தாரு பாருங்க, பழகின கை மாதிரி இருந்துச்சு."

"அவருக்கு கியர் வண்டியே ஓட்டத் தெரியாது" என்றார் அக்கா.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணனிடம் ஒரு பழைய கியர் பைக் இருந்தது என்பது அக்காவுக்கு அன்று தெரியாது. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த வண்டியின் படம் தேவதாஸ் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருந்தது. குதிரை மாதிரி உயரம். முன்னால் அலகு போல நீட்டிக்கொண்டு ஒரு மூக்கு. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். மலை, ஆறு, பாலைவனம் எது வந்தாலும் நிற்காது என்று பெயரெடுத்த வண்டியாம். பெட்டி முழுக்க ஸ்டிக்கர்கள்: லடாக், ஸ்பிட்டி, பூட்டான், இன்னும் வாயில் நுழையாத ஊர்கள். இத்தனை பெரிய இரும்பு கவிழ்ந்தால் அடியில் கிடக்கும் மனிதன் என்னாவான்?

அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார். பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வரை சாலையை இருபுறமும் பார்த்துக்கொண்டே போனோம். எங்கும் விபத்து நடந்ததாக யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து அரசு மருத்துவமனை, பிறகு ஜிப்மர். அவசரப் பிரிவில் உயரமான ஆள் என்று சொல்லும்போதெல்லாம் அக்காவின் கை தானாகத் தலைக்கு மேலே உயரும். அப்படி யாரும் வரவில்லை. அதைக் கேட்டு நிம்மதிப்பட வேண்டும். எங்களுக்கு அதுவும் வரவில்லை. விபத்து இல்லையென்றால் அப்புறம் என்ன?

மாலையில் காவல் நிலையம். தேவதாஸும் வந்தார். அங்கே எழுதுகிறவர் அக்காவிடம் வரிசையாகக் கேட்டார்.

"குடிப்பாரா?"

"இல்லைங்க."

"வீட்டுல சண்ட கிண்ட?"

"இல்லைங்க."

"வேற எதனா பொம்பள விஷயம்?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்ப என்னாத்துக்கும்மா போவாரு?"

அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டுத் தேவதாஸைப் பார்த்தார். "நீங்க திருட்டுன்னு எழுதிக் குடுங்க சார். செக்போஸ்ட்டுக்கெல்லாம் சொல்லிடலாம்."

தேவதாஸ் அக்காவைப் பார்த்தார். "காலைல வரைக்கும் பாக்கலாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வெளியே வந்து ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் தன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு, ஸ்கூட்டரின் சாவியை அக்காவிடம் கொடுத்தபடி மெல்லச் சொன்னார்.

"அந்த ஸ்டிக்கரெல்லாம் ஆன்லைன்ல வாங்கினது மதாம். நான் எங்கயும் போனதில்ல. அஞ்சு வருஷம் வெச்சிருந்தேன், பீச் ரோடு, பேக்கரி, சர்ச். அவ்ளோதான். என் காலு கட்டை வெரல் மட்டுந்தான் தரையத் தொடும். ஒரு தடவ ஹோட்டல் வாசல்ல நிறுத்தப் போயி சாஞ்சிட்டேன். அஞ்சு பேரு வந்து தூக்கினாங்க. அதுக்கப்புறம் பயம். ஆனா பீச்ல நிறுத்துனா போதும், புள்ளைங்க வந்து ஃபோட்டோ எடுத்துக்கும், லடாக் எப்படி சார் இருந்துச்சின்னு கேக்கும். நானும் குளிரு ஜாஸ்தின்னு சொல்லுவேன். அந்த மனுஷன் வண்டிய எடுத்துக்கினு நெஜமாவே போயிட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். போலீஸ்ல எப்படிச் சொல்றது?"

"எங்க போறது? அவரு விழுப்புரம் தாண்டுனதில்ல" என்றார் அக்கா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இனியா அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். அப்பா ஃபோனில் தினமும் அந்த மாதிரி வண்டிகளின் வீடியோக்களைப் பார்ப்பாராம். யாரோ வெள்ளைக்காரர்கள் மங்கோலியாவில், ஆப்பிரிக்காவில், ஆள் இல்லாத இடங்களில் தனியாக ஓட்டிக்கொண்டு போவது. "சும்மா பாக்கறாருன்னு நெனச்சேன்மா. எல்லாரும் எதையாவது பாக்கறாங்க இல்ல?" என்றாள். அக்கா அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தினமும் பக்கத்தில் படுத்திருந்த மனிதர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவர் ஒருமுறை கூட எட்டிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை, தொழிற்சாலையிலிருந்து ஏன் வரவில்லை என்று விசாரித்த ஃபோனை வைத்த கொஞ்ச நேரத்தில், தெரியாத எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது.

"சத்யா" என்றது ஸ்பீக்கரில் அண்ணன் குரல்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க இருக்கீங்க? அடி கிடி பட்டுதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கேன். சித்ரதுர்காவுல இருக்கேன்."

"அது எந்த ஊரு?"

"கர்நாடகா."

"கர்நாடகாவா?" அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். "அங்க எதுக்குப் போனீங்க?"

பின்னால் லாரிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "தெரியல சத்யா. பொம்மையார்பாளையத்துல திரும்பணும்னு நெனச்சேன். அப்புறம் மரக்காணத்துல திரும்பணும்னு நெனச்சேன். செஞ்சியில நெனச்சேன். பெட்ரோல் ஃபுல்லா இருந்துச்சு. ராத்திரி ரோட்டோரமா கொஞ்சம் படுத்தேன். இப்பதான் தீந்துச்சு. எறங்கிப் பாத்தா போர்டெல்லாம் கன்னடத்துல இருக்கு."

பெட்ரோல் பங்கில் வேலை செய்கிற ஒருவரின் ஃபோனிலிருந்து பேசினார். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அக்காவின் எண் ஒன்றுதான். திரும்பி வரப் பெட்ரோலுக்கான பணத்தை இனியா அந்த ஃபோனுக்கே அனுப்பினாள்.

தேவதாஸுக்கு நானே தகவல் சொன்னேன். இடத்தைக் கேட்டதும் அவர் "மொன் தியே, கடவுளே" என்று தொடங்கிப் பிரெஞ்சில் ஏதேதோ சொன்னார். திட்டுகிறார் என்று நினைத்தேன். முடிவில் தமிழுக்கு வந்து, "ஒரே தடவையிலயா? ஒரே டேங்க்லயா?" என்று கேட்டார். பிறகு திடீரென்று குரல் கடுமையானது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வண்டி என் வீட்டுல நிக்கணும். இல்ல, நான் போலீசுக்குப் போவேன். சொல்லிடுங்க."

செவ்வாய்க்கிழமை மாலை அவர் வந்தபோது கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே கூடி நின்றது என்று சொல்லலாம். வண்டி வரும் முன்பே அதன் சத்தம் வந்தது. பிறகு அவர் வந்தார். நான் அவரை அடையாளம் காண ஒரு கணம் ஆனது. முகம் கருத்து, உதடு வெடித்து, சட்டையெல்லாம் செம்மண். ஆனால் அந்த வண்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் விசில் நின்றது.

இறங்கும்போதுதான் நொண்டுவது தெரிந்தது. ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி, ஓரமாக வண்டியைத் திருப்பப் போனபோது அது சாய்ந்திருக்கிறது. ஓடும்போது பஞ்சு மாதிரி இருந்த வண்டி, நின்றதும் யானை மாதிரி மேலே சரிந்ததாம். கால் அடியில் மாட்டிக்கொண்டது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கிவிட்டார்கள். ஒரு பெட்டி நசுங்கியிருந்தது. ஒரு கண்ணாடி இல்லை.

அண்ணன் தேவதாஸின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். "தப்புப் பண்ணிட்டேன் சார். நீங்க என்னா வேணா செய்யுங்க."

தேவதாஸ் குனிந்து மீட்டரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து வருடத்தில் தான் ஓட்டியதற்குச் சமமான தூரம் மூன்று நாளில் ஓடியிருந்தது. நசுங்கிய பெட்டியைத் தடவினார். லடாக் ஸ்டிக்கர் பாதி கிழிந்து தொங்கியது. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "மலை ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு முசியே?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லா இருந்துச்சு சார்" என்றார் அண்ணன்.

புகார் எதுவும் கொடுக்கப்படவில்லை. அடுத்த மாதம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, நசுங்கிய பெட்டியோடு அந்த வண்டியை வாங்கிப் போனார். தேவதாஸ் பாரிசுக்குப் போய்விட்டார்.

தொழிற்சாலையில் விளக்கம் கேட்டார்கள். அதுவரை சொல்லாமல் ஒருநாள் கூட நின்றதில்லை என்பதால் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். உண்மைக் காரணத்தை மேலாளர் நம்பவே இல்லையாம். லைனில் இருந்த பையன்கள் நம்பினார்கள். சாப்பாட்டு வேளையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து கிருஷ்ணகிரி ரோடு எப்படி, ஸ்பீடு எவ்வளவு போனீங்க என்று கேட்டுத் தொல்லை செய்தார்கள். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்.

வீட்டில்தான் எதுவும் சரியாகவில்லை. அக்கா சமைத்தார், பரிமாறினார், பேசவில்லை. ஒருநாள் மாலை கீழே அவர்கள் பேசுவது படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்டது. ஒட்டுக் கேட்டது தவறுதான். நகர முடியவில்லை.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன். உண்மையச் சொல்லணும். அவ்ளோ தூரம் போனீங்களே, வழியில எங்கயாவது என்ன நெனச்சீங்களா? இனியாவ?"

அண்ணன் பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் புருஷனும் அந்த இடத்தில் பொய்தான் சொல்லியிருப்பான்.

"இல்ல சத்யா" என்றார். "யாரையும் நெனக்கல. எதையும் நெனக்கல. ரோடு மட்டுந்தான் இருந்துச்சு. அது எனக்கே ரொம்ப பயமா இருக்கு."

நான் மாடிக்கு ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காணாமல் போனபோது கூட அக்கா இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. ஓடிப்போனதற்கு ஒரு காரணம் இருந்திருந்தால் அதோடு சண்டை போட்டிருக்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பொங்கலுக்கு முன்னால் அக்கா ஒருநாள் மாடிக்கு வந்தார். தன் ஜெராக்ஸ் கடையை நாலு நாள் மூடப் போவதாகச் சொன்னார். "சித்ரதுர்காவுக்குப் போறோம் பாரதி. பஸ்ல. நான்தான் கூட்டிக்கினு போவச் சொன்னேன். அங்க என்னாதான் இருக்குன்னு நான் என் கண்ணால பாக்கணும்."

போய்ச் சேர்ந்த அன்று மதியம் எனக்கு ஃபோன் செய்தார். அந்தப் பெட்ரோல் பங்குக்கே போயிருந்தார்கள். ஃபோன் கொடுத்து உதவியவர் அண்ணனை அடையாளம் கண்டு, பைக் எங்கே என்று கன்னடத்தில், "பைக் எல்லி?" எனக் கேட்டுச் சிரித்தாராம்.

"என்னக்கா இருக்கு அங்க?" என்றேன்.

"ஒன்னுமே இல்ல. பங்கு இருக்கு. குன்னு மேல கரண்டு காத்தாடி சுத்துது. ரோடு நேரா போய்க்கினே இருக்கு. இதுக்கான்னு கேட்டேன். ஆமான்னாரு. எனக்கு இன்னும் கோவம் போவல. அங்கயே நின்னு திட்டுனேன். லாரிக்காரங்கல்லாம் பாத்தாங்க. நல்லா திட்டுனேன்." காற்று ஃபோனில் அடித்தது. "அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். ஊருக்குத்தான் டிக்கெட் எடுக்கணும். எதிர்ல ஹூப்ளின்னு ஒரு பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சு. அது எந்தப் பக்கம்னு கேட்டேன். ஊருக்கு எதிர்ப்பக்கம், இன்னும் மேலன்னாரு."

"சரி, எப்ப கிளம்பறீங்க?"

"ஏறி உட்காந்துட்டோம்."

"பாண்டி பஸ்லயா?"

"இல்ல, ஹூப்ளி பஸ்ல. நான்தான் மொதல்ல ஏறுனேன். அவரு கீழயே நின்னாரு, திருதிருன்னு முழிச்சிக்கினு. வாங்கன்னேன். வந்துட்டாரு. வர ரெண்டு நாள் கூட ஆவும். இனியா கேட்டா நீயே சொல்லிடு."

"அக்கா" என்றேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. கண்டக்டர் கன்னடத்தில் எதையோ கத்தினார். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.